நம் நாட்டில் எடுத்த ஸ்டீபன் கிங் படங்கள் ஏன் தேறவில்லை?

சாட்ஸ்வொர்த் வாசகன்:

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் கதைகளை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் எடுத்த இரண்டு படங்களைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. ஒன்று 1995-இல் வந்த 'தி மேங்ளர்', இன்னொன்று 2017-இல் வந்த 'தி டார்க் டவர்'. 'மேங்ளர்' படத்தின் தயாரிப்பில் நம் டர்பனில் பிறந்த அனந்த் சிங் இருந்தார். இயக்கியவர் 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' எடுத்த டோபி ஹூப்பர். நடித்தவர்கள் ராபர்ட் எங்லண்ட், டெட் லெவின். ஆள் பலத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் படம் எடுபடவில்லை.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 1972-இல் ஒரு பத்திரிகையில் வந்த சிறுகதை அது. பின்னால் 1978-இல் 'நைட் ஷிப்ட்' தொகுப்பில் சேர்ந்தது. ஒரு சலவைத் தொழிற்சாலையில், ஈரப் போர்வைகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தேய்த்து மடித்துத் தள்ளும் பெரிய நீராவி இயந்திரம். அதில் ஒரு பெண் சிக்கிச் செத்துப்போகிறாள். விசாரிக்க வரும் போலீஸ்காரர் ஹன்டன் அதைப் பார்த்து நிலைகுலைந்து போகிறார். அப்புறம் அதிகாரிகள் வந்து இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. விபத்து என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மறுபடி வேலை தொடங்குகிறது, மறுபடி ஆள் அடிபடுகிறது.

எனக்குக் கதையில் பயம் வந்த இடம் அந்தப் 'பழுது ஒன்றும் இல்லை'தான். கிங் கல்லூரி முடித்த பிறகு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல், சூடு, வேர்வை எல்லாம் அவர் கைக்குத் தெரியும். அதனால் இயந்திரத்துக்குள் பிசாசு புகுந்தது என்று சொல்லும்போது நாம் நம்பிவிடுகிறோம்.

படம் என்ன செய்தது? கார்ட்லி என்று ஒரு முதலாளியைக் கொண்டுவந்தது. காலில் இரும்புச் சட்டம், முகத்தில் அப்பிய கிழட்டு மேக்கப். அவன் இயந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டு இளம்பெண்களைப் பலி கொடுக்கிறானாம், ஊர்ப் பெரியவர்களும் அதற்கு உடந்தையாம். இப்படி ஒரு கெட்டவன் கையில் கிடைத்ததுமே நம் பயம் கோபமாக மாறிவிடுகிறது. அவன் எப்போது சாவான் என்றுதான் காத்திருக்கிறோம். இயந்திரத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

பிரபலமான திகில் கதைகள் படமாகும்போது இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது என் கருத்து. கதையில் பதில் இல்லாமல் விட்ட இடத்தில் படம் ஒரு பதிலைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மெரிபேங்க் அக்கா:

தம்பி, நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அந்த மாதிரி மெஷினில் வேலை பார்த்தவள். அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு விரல் கூசியது.

நாங்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். ஈரப் போர்வையின் மூலையை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, விளிம்பை நேராக்கிப் பட்டையின்மேல் வைத்தால் அது இழுத்துக்கொண்டு போகும். எப்போது கையை விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே. முன்னாடியே விட்டால் துணி கோணிக்கொண்டு சுருக்கம் விழும். கொஞ்சம் தாமதித்தால் விரல் சூட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அதில் கை பட்டாலே மெஷின் நின்றுவிட வேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கம்பியைத் தட்டிப் பார்ப்போம். அது நின்றால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

கதையில் அந்தக் காவல் கம்பி சரியாகவே இருக்கிறது என்கிறார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு அதைவிடப் பயங்கரமான வாக்கியம் வேறு கிடையாது. நாங்கள் தினமும் நம்பி நிற்பதே அந்தக் கம்பியைத்தானே. படத்தில் மெஷினை ராட்சசனின் கோட்டை மாதிரி கட்டி, கறுப்புப் புகையும் சங்கிலியுமாக வைத்திருக்கிறார்கள். நிஜ மெஷின் வெள்ளையாகச் சுத்தமாக இருக்கும், சோப்பு வாசனை அடிக்கும். அந்தச் சுத்தத்தைக் காட்டியிருந்தால் நான் சீட்டை விட்டு எழுந்து ஓடியிருப்பேன்.


ஜோபர்க் எஞ்சினியர்:

வாசகன் அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். நான் திருச்சியிலிருந்து இங்கே வந்து தொழிற்சாலைப் பாதுகாப்பில் வேலை செய்கிறவன்.

முதல் விஷயம், இருபது சொச்சம் பக்கச் சிறுகதையை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு இழுக்க வேண்டும். ஏதாவது சேர்த்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவது, முதலாளியைச் சேர்த்ததே தப்பு என்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். இயந்திரத்தில் ஆள் சாகிறான் என்றால் பின்னால் யாரோ ஒருவர் செலவை மிச்சம் பிடித்திருப்பார். பராமரிப்புக்கு நேரம் தராமல் இருந்திருப்பார். 'பழுது ஒன்றும் இல்லை' என்று எழுதிய அறிக்கையை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். தென்னாப்பிரிக்காவில், அதுவும் 1994 தேர்தல் முடிந்த கையோடு வந்த ஒரு படத்தில், தொழிலாளியின் ரத்தத்தில் கொழுக்கும் முதலாளி வருவது பொருத்தம்தானே?

படம் நன்றாக இல்லை, அது உண்மை. ஆனால் முதலாளி வந்ததால் கெட்டுப்போகவில்லை. எங்லண்டின் நடிப்பு எல்லை மீறியதாலும் திரைக்கதையில் கட்டுக்கோப்பு இல்லாததாலும்தான் கெட்டது.


சாட்ஸ்வொர்த் வாசகன்:

எஞ்சினியர் தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நீங்கள் சொல்லும் முதலாளி வந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். காசு மிச்சம் பிடிக்கிறவன், அறிக்கையை மாற்றி எழுத வைக்கிறவன், செத்தவள் வீட்டுக்கு ஒரு கவர் அனுப்பிவிட்டு மறுநாள் ஷிப்டைத் தொடங்குகிறவன். அவனுக்குப் பிசாசே தேவையில்லை. படத்தில் வருகிறவனோ பூசாரி மாதிரி பலி கொடுக்கிறான். அதனால் அவன் செய்யும் அநியாயம்கூட மாந்திரீகக் கணக்கில் போய்விடுகிறது. சாதாரணமான அநியாயம் கண்ணில் படாமல் போனதுதான் என் வருத்தம்.

'நீளம் போதாது' என்பதற்கும் ஒரு பதில் உண்டு. கிங்கின் 'சேலம்ஸ் லாட்' நாவலை 1979-இல் இதே டோபி ஹூப்பர்தான் இரண்டு பகுதித் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு நெருங்கி ஓடும். இறந்த பையன் இரவில் ஜன்னலுக்கு வெளியே மிதந்துவந்து கண்ணாடியை நகத்தால் சுரண்டும் காட்சி இன்றுவரை பேசப்படுகிறது. அந்த ஊரின் மனிதர்களை நமக்குப் பழக்கிவிட்டுத்தான் பயத்தை உள்ளே விட்டார். அதே எழுத்தாளர், அதே இயக்குநர். ஆகவே ஆளைக் குறை சொல்ல முடியாது.


டோங்காட் பெரியவர்:

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றிரண்டு சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கரும்பு ஆலைதான் உலகம். டோங்காட், மவுன்ட் எட்ஜ்கோம்ப், வெருலம், எங்கே பார்த்தாலும் கரும்பு. 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் மதராசிலிருந்து வந்து இறங்கியவர்களிலிருந்து என் தாத்தா தலைமுறை வரைக்கும் அந்தக் கரும்புதான் சோறு போட்டது. ஆலையில் கரும்பை நசுக்கும் உருளைகள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கையைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் வீடுகளில் மெல்லிய குரலில்தான் நடக்கும். 'மில்லு பிடிச்சுக்கிச்சு' என்பார்கள். 'அடிபட்டது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கதையை எங்கள் தலைமுறையிடம் சொல்லியிருந்தால் யாருக்கும் அது புதிதாகப் பட்டிருக்காது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976-இல்தான். அதுவரை எங்களுக்குத் திகில் என்றால் ரேடியோ. ஸ்பிரிங்பாக் ரேடியோவில் 'தி க்ரீக்கிங் டோர்' என்று ஒரு தொடர் வந்தது, அறுபதுகளின் நடுவில். கதவு கிறீச்சிடும் சத்தத்தோடு ஆரம்பிக்கும். ஒரு சத்தம், ஒரு குரல், நடுவில் ஒரு மௌனம். அவ்வளவுதான் சாமான். அதற்கே அம்மா விளக்கை ஏற்றி வைத்துக்கொள்வாள். சினிமா பேயின் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று நினைக்கிறது. காட்டின பிறகு அது ஒரு முகம்தான், அதில் மேக்கப் எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பித்துவிடும்.


மேசைமலை:

கேப்டவுனிலிருந்து எழுதுகிறேன். 'டார்க் டவர்' பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை, நான் ஆரம்பிக்கிறேன். கிங்கின் அந்த நாவல் தொடர் என் உயிர்.

2016-இல் இங்கே படப்பிடிப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வார்த்தை இல்லை. இட்ரிஸ் எல்பா கதாநாயகன் ரோலண்டாக, மேத்யூ மெக்கானஹே அவன் எதிரியான கறுப்பு உடைக்காரனாக. இயக்கம் டென்மார்க்கின் நிகோலாய் ஆர்செல். எல்பாவைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் நிற்கும் விதத்திலேயே ரோலண்ட் தெரிந்தார். அவருக்கு நடிக்க இடம் கொடுக்கவில்லை, அதுதான் என் ஆற்றாமை.

முதல் நாவல் 1982-இல் வந்தது, ஏழாவது 2004-இல். நடுவில் நுழையும் இன்னொரு நாவல் 2012-இல். இத்தனையையும் 95 நிமிடத்துக்குள் திணித்தார்கள். ரோலண்டின் கூட்டாளிகளான எட்டியும் சுசானாவும் படத்தில் இல்லவே இல்லை. நீளத்தைக்கூட நான் மன்னிப்பேன். மன்னிக்க முடியாதது வேறொன்று.

முதல் நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ரோலண்ட் கறுப்பு உடைக்காரனைத் துரத்திக்கொண்டு போகிறான். வழியில் ஜேக் என்ற பையன் கூட வருகிறான். ரோலண்ட் அவனை மகன் மாதிரி நேசிக்க ஆரம்பிக்கிறான். மலைக்குள்ளே இருட்டில், இற்றுப்போன தண்டவாளப் பாலத்தின்மேல், பையன் பள்ளத்தில் தொங்கும்போது இரண்டு வழிதான் இருக்கிறது. பையனைத் தூக்கலாம், அல்லது எதிரியைத் தொடரலாம். ரோலண்ட் பையனை விட்டுவிட்டுப் போகிறான். நாம் நேசித்துவிட்ட கதாநாயகன் ஒரு குழந்தையை விழ விடுகிறான். அந்தக் குற்றம்தான் பின்னால் வரும் நாவல்கள் முழுக்க அவனைத் துரத்துகிறது. திகில் எதிரியிடம் இல்லை, இவனிடம் இருக்கிறது.

படத்தில் ரோலண்ட் பையனைக் காப்பாற்றும் பாதுகாவலன். கடைசியில் துப்பாக்கிச் சண்டை, எதிரி சாகிறான், இருவரும் சேர்ந்து கிளம்புகிறார்கள். அந்தக் குற்றமே இல்லாத ரோலண்ட் எனக்கு யாரோ ஒரு துப்பாக்கிக்காரன்தான். வாசகன் அண்ணாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். சிக்கல் பதிலை ஒட்டுவதில் மட்டும் இல்லை. நாம் விரும்பும் ஆளின் கையில் ரத்தம் இருப்பதைக் காட்ட ஸ்டுடியோக்களுக்குத் தைரியம் வருவதில்லை.


இசிப்பிங்கோ இளையவன்:

அப்படியானால் இயக்குநர் குப்ரிக்கின் 'தி ஷைனிங்' எப்படி? கிங்கின் 1977 நாவலை 1980-இல் எடுத்தார். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். நாவலில் ஓட்டலின் பழைய கொதிகலன் வெடித்து எல்லாம் எரிகிறது, படத்தில் குடும்பத்தோடு அந்த ஓட்டலைப் பார்த்துக்கொள்ள வந்த ஜாக் பனியில் உறைந்து சாகிறான். நாவலில் சமையல்காரர் ஹலோரன் பிழைக்கிறார், படத்தில் வந்து இறங்கியதும் கோடாலி வெட்டு. வெட்டிவிட்ட செடி மிருகங்கள் உயிர்பெற்று நகரும் நாவலில், படத்தில் அதற்குப் பதில் செடிகளால் ஆன புதிர்ப்பாதை. கதைக்கு விசுவாசம் என்று பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை.

1997-இல் கிங்கே திரைக்கதை எழுதி தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். கொதிகலன், செடி மிருகங்கள், எல்லாம் நாவலில் இருந்தபடி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எது உங்களைத் தூங்க விடாது? எனக்குக் குப்ரிக்தான். நாவலைவிடப் படம் உசத்தி என்றே சொல்வேன்.


மெரிபேங்க் அக்கா:

இளையவன், பயமுறுத்தும் என்பது சரி, உசத்தி என்பதை ஒத்துக்கமாட்டேன் கண்ணு. நாவலில் ஜாக் நல்ல அப்பா. குடியை விட்டுவிட்டுக் குடும்பத்தைக் காப்பாற்ற மல்லாடுகிறவன். கடைசியில் ஓட்டல் அவனைப் பிடித்துக்கொண்ட பிறகும், ஒரு நிமிஷம் அப்பாவாகவே நின்று மகனை ஓடிப்போ என்கிறான். அங்கே நான் அழுதேன். குடிகாரக் குடும்பத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த எந்தப் பெண்ணும் அழுவாள். படத்தில் ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியில் சிரிக்கும்போதே பைத்தியம் மாதிரி தெரிகிறார். இழப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. நமக்கும் இல்லை.

கேமராவும் இசையும் பிரமாதம்தான். ஆனால் எனக்கு அந்த அப்பா வேண்டும்.


இசிப்பிங்கோ இளையவன்:

அக்கா சொல்வது நியாயம். ஆனாலும் 1997 தொடரில் அந்த அப்பா இருக்கிறாரே, அது ஏன் நிற்கவில்லை? அதுதான் என் கேள்வி. மனிதரையும் வைத்து, கதையையும் வைத்து, அப்படியும் சப்பென்று போய்விட்டது. நகரும் செடி மிருகங்களைத் திரையில் பார்த்தபோது பயமே வரவில்லை. பெரியவர் சொன்ன முகம் விஷயம் இங்கே சரியாகப் பொருந்துகிறது. எழுத்தில் அவை நாம் திரும்பிப் பார்க்காத நேரத்தில் நகர்ந்தன.


வெருலம் டீச்சர்:

எல்லாரும் கிங்கையே பேசுகிறீர்கள். நம் நாட்டை நேரடியாகத் தொடும் ஒரு புத்தகம் படமாகிக் கெட்டுப்போனதை யாரும் சொல்லவில்லையே. மேக்ஸ் புரூக்ஸ் 2006-இல் எழுதிய 'வேர்ல்ட் வார் இசட்'.

அது சாதாரண நாவல் வடிவத்தில் இல்லை. நடைபிணங்களுடன் நடந்த உலகப் போர் முடிந்த பிறகு, ஒருவர் நாடு நாடாகப் போய்த் தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்கிறார். சீனத்து மருத்துவர், அமெரிக்கச் சிப்பாய், ஜப்பானின் பார்வையற்ற தோட்டக்காரர். அதில் ஒரு வாக்குமூலம் மண்டேலாவைச் சிறை வைத்திருந்த ராபன் தீவில் பதிவாகிறது. உலகம் பிழைத்த திட்டமே தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்தது என்கிறது புத்தகம். அந்தத் திட்டத்தை வகுத்த பால் ரெடெக்கர் நிறவெறி அரசுக்காக வேலை பார்த்தவன். கறுப்பின மக்கள் எழுந்தால் வெள்ளையர்களை எப்படிக் காப்பது என்று அவன் தீட்டி வைத்திருந்த பழைய திட்டத்தைத்தான் இப்போது எல்லாருக்குமாக மாற்றுகிறார்கள். கொஞ்சம் பேரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, மீதி மக்களைத் தனித்தனி இடங்களில் விட்டுவிட வேண்டும். பிணங்கள் அவர்களை நோக்கிப் போகும், பாதுகாப்பான இடம் தப்பிக்கும். மக்களை இரையாக வைப்பது, அவ்வளவுதான் திட்டம். அமைச்சரவைக் கூட்டத்தில் எல்லாரும் கொதிக்கும்போது, மண்டேலாவை நினைவூட்டும் முதியவர் ஒருவர் எழுந்துபோய் ரெடெக்கரைக் கட்டித் தழுவுகிறார்.

வகுப்பில் பெரிய பிள்ளைகளோடு இந்தப் பகுதியைப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் சண்டை போட்டார்கள். அந்த முதியவர் செய்தது மன்னிப்பா, சரணாகதியா என்று. மணி அடித்தும் எழுந்து போகவில்லை. இன வாரியாக மக்களைப் பிரித்த சட்டத்தால் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் தூக்கிப்போடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். 'யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே விடுவது' என்பதை வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானிப்பது அவர்கள் வீட்டு வரலாறு.

2013 படத்தில் இந்தப் பகுதியே இல்லை. வாக்குமூலங்களும் இல்லை. பிராட் பிட் விமானத்தில் நாடு நாடாகப் பறக்கிறார், கடைசியில் வேல்ஸில் ஓர் ஆய்வகத்தில் தீர்வு கண்டுபிடிக்கிறார். எடுத்து முடித்த கடைசிப் பகுதியைத் தூக்கிப்போட்டு மறுபடி எழுதி எடுத்தார்கள். தலைப்பு மட்டும் மிச்சம். ஆபத்தான கேள்வியைத் தூக்கிவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.


ஜோபர்க் எஞ்சினியர்:

டீச்சர் சொன்ன தலைப்பு விஷயத்துக்கு நம் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. கணேஷும் வசந்தும் ஒரு பழைய பங்களாவில் நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்று அல்லாடும் கதை. குமுதத்தில் தொடராக வந்தபோது வாரா வாரம் வீட்டில் பிடுங்கிக்கொண்டு படித்தார்கள் என்று அம்மா சொல்வார். 2019-இல் அதே பெயரில் நயன்தாரா நடித்த படம் வந்தபோது நாவல்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். காது கேளாத, வாய் பேசாத பெண், இங்கிலாந்தில் ஒரு மாளிகை, வெளியே கொலைகாரன். கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை. அந்த நாவல் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

நன்றாக வந்ததையும் சொல்லிவிட வேண்டும். இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர் வரிசை. அதிலும் 'விடாது கருப்பு'.


டோங்காட் பெரியவர்:

'விடாது கருப்பு' என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். இங்கே முனீஸ்வரனுக்குப் பூசை போடும் குடும்பங்கள் நிறைய. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதுமே என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். கருப்பு நிஜமா, யாரோ செய்யும் வேலையா என்று கதை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே போகும். வாரம் ஒரு தடவை வந்ததால் அடுத்த வாரம் வரை வீடே அதைப் பேசும். வாசகன் சொன்ன 'பழக்கிவிட்டுப் பயத்தை விடுவது' அதில் சரியாக நடந்தது.


மேசைமலை:

தொடர் வடிவம்தான் மருந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் நாட்டு எழுத்தாளர் லாரன் பியூக்ஸின் 'தி ஷைனிங் கேர்ல்ஸ்' நாவல் 2013-இல் வந்தது. காலம் தாண்டிப் போய்ப் பெண்களைக் கொல்லும் ஒருவன், அவன் கையிலிருந்து பிழைத்த ஒரு பெண். 2022-இல் எலிசபெத் மாஸ் நடித்துத் தொடராக வந்தது. மாஸ் நன்றாக நடித்தார். ஆனால் நாவலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்து, அவள் என்ன வேலை செய்தாள், எதற்கு ஆசைப்பட்டாள் என்று முழுசாகக் காட்டிவிட்டுத்தான் அவளைப் பறிப்பார் பியூக்ஸ். தொடரில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் பின்னால் தள்ளப்பட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கதாநாயகியின் வீடு, கணவன், நாய் எல்லாம் திடீர் திடீரென்று மாறும் புதிர் ஒன்று புதிதாக வந்தது. சுவாரஸ்யம்தான். ஆனால் இறந்தவர்களுக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தை நேசித்தேன்.


இசிப்பிங்கோ இளையவன்:

முடிவை மாற்றினால் படம் கெடும் என்பதற்கும் விதி கிடையாது. 2007-இல் ஒரே வருஷத்தில் இரண்டு படம் வந்தது. 'தி மிஸ்ட்' குறுநாவலை கிங் ஒரு சின்ன நம்பிக்கையோடு முடித்தார். ஃப்ராங்க் டாரபான்ட் அந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டார். அப்பா தன் மகனையும் கூட இருந்தவர்களையும் தன் கையாலேயே சுடுகிறார், பனி விலகி ராணுவம் வந்து நிற்கிறது. கிங்குக்கே அந்த முடிவு பிடித்திருந்தது.

அதே வருஷம் 'ஐ ஆம் லெஜண்ட்'. ரிச்சர்ட் மேத்சன் 1954-இல் எழுதியது. மனிதர்கள் ரத்தக் காட்டேரிகளாகிவிட்ட உலகில் தனியாக மிஞ்சியவன் நெவில். நாவலின் கடைசியில் அவன் ஒன்றைப் புரிந்துகொள்கிறான். அவன் பகலில் தேடித் தேடிக் கொன்றவர்களில் புதிய சமூகத்து மனிதர்களும் இருந்தார்கள், அவர்கள் பார்வையில் ராட்சசன் இவன்தான். வில் ஸ்மித் படத்தில் இதற்கு நெருக்கமான ஒரு முடிவை எடுத்தே வைத்திருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் சோதனைக் காட்சி பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அதைத் தூக்கிவிட்டு, அவர் குண்டோடு சேர்ந்து உயிர்த் தியாகம் செய்யும் முடிவைத் திரையரங்குக்கு அனுப்பினார்கள். தலைப்பின் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. எடுத்த முடிவை வெளியே தள்ளிய அந்த விஷயம்தான் எனக்கு ஆறவில்லை.


சாட்ஸ்வொர்த் வாசகன்:

இளையவன், அருமை. மேசைமலை சொன்ன ரோலண்டையும் நீ சொன்ன நெவிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். டீச்சர் சொன்ன ரெடெக்கரையும். மூன்றிலும் வெட்டுப்பட்டது ஒரே இடம். நல்லவன் என்று நாம் நினைத்தவன், அல்லது நம்மைக் காப்பாற்றியவன், செய்த கொடுமை. கார்ட்லியைக் கொண்டுவந்ததும் அதே காரணத்துக்குத்தான் என்று இப்போது படுகிறது. கெடுதலை ஒரு ஆளின்மேல் ஏற்றிவிட்டால் பார்க்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். 'மிஸ்ட்' அந்த நிம்மதியைக் கொடுக்க மறுத்தது. நான் தொடங்கியபோது சொன்னதைவிட மேசைமலை சொன்னதுதான் பொருத்தம்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். எங்கள் ஹிகின்சன் ஹைவேயில் வெள்ளை உடையில் நின்று லிஃப்ட் கேட்பாளாம் 'ஹைவே ஷீலா' என்ற பேய். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எல்லாருக்கும் அவளைத் தெரியும். யாராவது நல்ல இயக்குநர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கெடுக்கக்கூடாது?


மெரிபேங்க் அக்கா:

அவள் ஏன் செத்தாள் என்பதற்கு ஒரு வில்லனை உருவாக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அத்தனையும் அப்படியே இருக்கட்டும். ராத்திரி ஷிப்ட் முடித்து பஸ் கிடைக்காமல் ரோட்டில் நிற்கும் பெண்களைக் காட்ட வேண்டும். நாங்கள் நின்றிருக்கிறோம். பேயைப் பார்த்து வண்டிக்காரன் பயப்படுவதை எல்லாரும் சொல்கிறார்கள். நிறுத்துகிற வண்டியைப் பார்த்து நாங்கள் எவ்வளவு பயந்தோம் என்று யாரும் கதை சொன்னதில்லை.


ஜோபர்க் எஞ்சினியர்:

அக்கா, இதை நீங்களே எழுதுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஷிப்ட் நேரம், பஸ் நேரம் இரண்டையும் வைத்தே முதல் காட்சி வந்துவிடும். திரைக்கதை வடிவத்தில் போடுவதற்கு நான் உதவுகிறேன்.


டோங்காட் பெரியவர்:

எழுதினால் முதலில் ரேடியோ நாடகமாகப் போடுங்கள் அம்மா. வண்டி நிற்கும் சத்தமும் கதவு திறக்கும் சத்தமும் போதும். முகம் வேண்டாம்.


மெரிபேங்க் அக்கா:

ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் இரண்டு பக்கம் எழுதி இங்கேயே போடுகிறேன். ஷீலா பேசும் தமிழ் சாட்ஸ்வொர்த் தமிழாகத்தான் இருக்கும், யாரும் திருத்தக்கூடாது. அப்புறம் இளையவன், 'ஷைனிங்' சண்டை இன்னும் முடியவில்லை. நாவலின் கடைசி ஐம்பது பக்கத்தை மறுபடி படித்துவிட்டு வா.